கேட்காத விவரம்

யுத்த காலத்தில் நான் திருச்சுழியில் பள்ளி வாத்தியாராக இருந்தேன். அருப்புக்கோட்டை பஸ்ஸில் மாலை நான்கேகாலுக்குப் பத்திரிகை வந்துவிடும். ஊருக்கு ஒரே பிரதி. காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் உரக்க வாசிக்க, பத்துப் பதினைந்து பேர் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய பேச்சை நோட்டில் எழுதிவைப்பேன். யார், எப்போது, என்ன சொன்னார் என்பதில் ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்பது என் வைராக்கியம்.

மழை பொய்த்த வருஷம் அது. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் நான் பர்மாச் சண்டைச் செய்தியை வாசித்து முடித்ததும் பக்கத்து ஊரான பரளச்சியிலிருந்து வந்திருந்த, உழுது பிழைக்கும் சம்சாரி ஒருவர் பேசினார்.

"நம்மளக் கேட்டா சண்டைய ஆரம்பிச்சாக? கேக்காத சண்டைக்குப் பிள்ளைய எதுக்குக் குடுக்கணும்? எம் மகன நான் அனுப்ப மாட்டேன். நீங்களும் அனுப்பாதீக."

"ஒம் மகன் கண்மாயில முங்கவே பயப்படுவான், அவன எவன்லே கப்பல்ல ஏத்தப் போறான்?" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நான்கு நாள் கழித்துப் போலீஸ் ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். "காப்பிக் கடையில எவனோ சர்க்கார் ஒழிகன்னு கத்துனானாம். மேல எழுதணும். அப்படி ஏதும் நடந்துச்சா சார்?"

"அப்படி யாரும் கத்தவில்லை" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் அது உண்மை, போதுமானதும்கூட. ஆனால் தப்பான ஒரு வாசகம் சர்க்கார் காகிதத்தில் ஏறுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து, சொன்னவரின் பெயர், ஊர், மணியோடு நான்கு வாக்கியங்களையும் வாசித்துக் காட்டினேன்.

ஏட்டு பென்சிலைக் கையில் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவு விவரம் நான் கேக்கலையே சார்" என்றார். பிறகு எழுதிக்கொண்டார்.

என்னை மிரட்டவில்லை, அடிக்கவில்லை. ஒரு பிழையைத் திருத்திவிட்ட திருப்தியோடு அன்று இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

ஆள் சேர்ப்பதற்கு எதிராகப் பேசினார் என்று அந்தச் சம்சாரியைக் கொண்டுபோனார்கள். விசாரணை இல்லை. பதினோரு மாதம் உள்ளே இருந்தார். அடுத்து வந்த ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் அவர் நிலத்தில் பாதி விதைக்காமல் கிடந்தது. அவர் மனைவி மகனோடு நடந்தே வந்து என்னிடம் மனு எழுதித் தரச் சொன்னார்.

"அன்னைக்கு நீங்களும் இருந்தீகளாமே அய்யா. அப்படி என்னதான் சொன்னாக?"

"சரியாக ஞாபகம் இல்லையம்மா" என்றேன். நோட்டு கைக்கெட்டும் அலமாரியில் இருந்தது. மனுவை மிக அழகாக எழுதிக் கொடுத்தேன்.

அவர் விடுதலையாகி வந்தார். பழையபடி பத்திரிகை கேட்கவும் வந்தார். பேசுவது மட்டும் நின்றுவிட்டது. விஷயம் அவருக்குத் தெரியுமா என்பதை நான் இன்றுவரை அறியேன். கேட்கும் தைரியம் வரவில்லை.

வெள்ளைக்காரன் போய் நம் சர்க்கார் வந்தது. சில மாதங்களில் ஒருநாள், அமைதியைக் காக்க ஆட்களை விசாரணையின்றி அடைத்துவைக்கும் அதிகாரம் இந்தச் சர்க்காருக்கும் வேண்டும் என்ற செய்தி இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அவர் எனக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தலைப்பின் முதல் சொல்வரை வந்த என் வாய் அடுத்த பத்திக்குத் தாவியது. நெல் விலையை வாசித்தேன். பத்திரிகையை மடித்தேன்.

"அவ்வளவுதானா வாத்தியாரய்யா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பரளச்சிப் பாதையில் நடந்தார்.