மலைச் சுவருக்கு நான் சாய்த்த எழுத்து

இரண்டு அரிசி மில், ஒரு மரவாடி, தெருவிலேயே முதல் மாடி வீடு, இவ்வளவையும் நான்காம் வகுப்போடு நின்ற நான்தான் கட்டினேன். நேற்று மில்லில் மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரம் துடைத்தபோது, அந்த வாடை திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த அச்சாபீசுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. ஈய அச்செழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவுவதும், காலால் ஓட்டும் மிதி மிஷின் தடதடப்பதும், யுத்த காலத்தில் ஈயம் கிடைக்காமல் நோட்டீசின் பெரிய எழுத்துகளைத் தச்சர் மகனான நான் பன்னிரண்டு வயதில் தேக்கில் செதுக்கிய உளிச் சத்தமும் அங்கே நாளெல்லாம் கலந்தே கிடக்கும்.

கிருத்திகை நாடக நோட்டீசை, மலைப்படி ஏறும்போது இடக்கைப் பக்கம் வரும் சுவரில், அதன் சரிவோடு சரிவாக ஒட்டுவார்கள்; நேரான எழுத்தெல்லாம் மல்லாந்து விழுவதுபோலத் தெரியும். அதனால் தடித்த எழுத்தாக, முன்பக்கம் சாய்த்துச் செதுக்கினேன்.

"இன்னாடா கோவிந்து, கள்ளு குடிச்சவனாட்டம் சாஞ்சிகினு கீது?" என்றார் முதலாளி.

"சொவுத்துல ஒட்டிப் பாருங்க நைனா."

ஒட்டியதும் ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நின்றது.

"ஆங், நிக்குதுடா."

சமச் சுவரில் அது ஓடுவதுபோல இருக்கிறதென்று பஸ்காரர்களும் கேட்டு வாங்கினார்கள்.

முதலாளியின் பேரன்கள் இப்போது போட்ட அச்சாபீசு நினைவு மலரில், அவரே அந்த எழுத்தை உண்டாக்கினார் என்று இருக்கிறது. ஒப்பமாட்டேன். மறுபதிப்பில், செதுக்கியவன் கோவிந்தன் என்று போட்டாக வேண்டும்.