பாப்பாவின் ஒத்திகை

நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணை எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். டிவியில் சிப்ஸ், சாக்லேட், கலர் பானம் என்று எதற்காகவாவது ஒரு குழந்தை அம்மாவிடம் அடம்பிடித்தால், பாதிக்கு மேல் அது இவள் குரல். கணவன் விட்டுப்போன பிறகு வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் குரலால்தான். பன்னிரண்டு வருடமாக அதைப் பதிவு செய்பவன் நான். அதனால் என்னை உத்தமன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

தன் மகளுக்குப் பேச்சு வந்த நாள் முதல், கெஞ்சுவது எப்படி என்று அவளிடம்தான் பாப்பா படித்தாள். கம்பெனி கொடுக்கும் மாதிரிப் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், மகள் கண்ணில் படும்படி வைப்பாள். கேட்டால் தரமாட்டாள். மகள் கெஞ்சி, இழுத்து, மூக்கை உறிஞ்சி, கடைசியில் குரல் உடையும்வரை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். உடைந்ததும் பாக்கெட்டைப் பிரித்துக் கையில் கொடுப்பாள். அதற்குப் பெயர் ஒத்திகை. மகளுக்கு அது அம்மாவோடு ஆடும் விளையாட்டு. நல்ல வாத்தியார் கிடைத்திருக்கிறார் என்று நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பத்து வயதில் அந்தப் பெண்ணுக்கு அறுபத்தோரு கிலோ. பள்ளியில் அவள் பெயர் பூசணி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை நோய் வாசலில் வந்து நிற்கிறது, பாக்கெட் தீனியை இன்றோடு நிறுத்துங்கள் என்று பாப்பாவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாராம். விளம்பரத்தில் வாயசைக்கிற குழந்தைகள் எல்லாம் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறார்கள். தின்கிறவள் இங்கே இருக்கிறாள்.

பாப்பா நிறுத்திவிட்டாள். பத்து நாள் வீட்டுக்குள் ஒரு பாக்கெட் நுழையவில்லை. பதினோராம் நாள் புது சிப்ஸ் ஒன்றின் பதிவு. பள்ளி விடுமுறை என்பதால் மகளையும் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அம்மா, ஒண்ணே ஒண்ணும்மா" என்று ஒரே வரிதான். பாப்பா இருபது தடவை சொன்னாள். உயிரே இல்லை என்று விளம்பரக்காரர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொரு தடவை பார்ப்போம், சரிவராவிட்டால் வேறு குரல் என்றார்.

மேஜைமேல் மாதிரிப் பெட்டி திறந்தே கிடந்தது. இடைவேளையில் மகள் அதில் கை வைக்க, பாப்பா தட்டிவிட்டாள்.

"வேணாம்னு சொல்றேன்ல. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

அந்தப் பெண் கெஞ்சினாள், தேம்பினாள். பாப்பா அசையவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. தேம்பலின் நடுவில் குரல் ஓரிடத்தில் பிசிறி உடைந்தது. பாப்பாவின் தலை சட்டென்று சாய்ந்தது. தேடிய தொனி காதில் விழுந்தால் அவள் தலை அப்படித்தான் சாயும். அழுகிற மகளை அப்படியே விட்டுவிட்டு மைக் முன்னால் ஓடினாள். ஒரே டேக். விளம்பரக்காரர் கைதட்டினார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஸ்பீக்கரில் அம்மா குரலில் தன் அழுகையைக் கேட்ட மகள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். முகம் தெளிந்துவிட்டது. அம்மா வெளியே வந்ததும் கையை நீட்டினாள்.

"ஒத்திகையாம்மா இது? சொல்லியிருக்கலாம்ல, நான் நெஜம்னு நெனச்சிட்டேன். நல்லா அழுதேன்ல? குடு."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் ஒலி அளக்கும் மீட்டரைப் பார்த்தேன். அவள் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தாள்.