படத்தில் மூடியிருக்கும் கை

“ஏளா, இது நீதான்னு இப்ப சொன்னா எவன் நம்புவான்?” என்று இன்று மத்தியானம் சிரித்தார் எங்கள் தொண்டு நிறுவனத்தின் செயலாளர். நன்கொடை கேட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் அச்சுத்தாள்களில் மிஞ்சிய ஒன்றை என் தட்டச்சு இயந்திரத்தின் மேல் வைத்திருந்தார். அதிலிருந்த புகைப்படத்தில் அம்மாவும் எட்டு வயது நானும். என் வலக்கை மூடியிருக்கும்.

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவள் நான். புத்தகமும் சீருடையும் அவர் கொடுத்தவை. மில்லர்புரத்தில் அவருடைய அலுவலகத்திலேயே இப்போது எனக்கு வேலை. தங்கையும் நிறுவனத்தின் செலவில்தான் சாயர்புரத்தில் படிக்கிறாள்.

படம் எடுத்த அன்று எங்கள் ஊரான தருவைகுளத்தில் காற்று அடங்கிக் கிடந்தது. அப்பா சங்கு குளிக்கப் போயிருந்தார். வள்ளத்தில் இருந்து அவரை மேலே இழுக்கும் கயிற்றைப் பிடிப்பவர் அம்மாவின் தம்பி. வேறு ஆளிடம் அதைக் கொடுக்கமாட்டார்கள்; அக்காள் தாலிக்குத் தம்பிதான் பொறுப்பு. படக்காரரோடு வந்த செயலாளர் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார்.

“இது கிடந்தா ஒருத்தனும் இரங்கமாட்டான்மா. அஞ்சு நிமிசம் கழட்டி வையி. புள்ள படிக்கணும்லா?”

“அவுக தண்ணிக்குள்ள இருக்காகய்யா” என்றாள் அம்மா. கடலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கழற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். “மாமன் கயித்தப் பிடிக்க மாதிரி பிடிச்சுக்கோ. விட்றாத.”

படம் எடுத்து முடிந்தும் என்னால் விரல்களை விரிக்க முடியவில்லை.

சாயங்காலம் அப்பா கரையேறியபோது இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்திருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அப்படித்தான் செய்யும் என்று பள்ளியில் படித்துவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் என் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆங்கிலம் கற்ற பிறகுதான் படத்தின் கீழிருந்த வரிகள் எனக்குப் புரிந்தன. சங்கு குளிக்கப் போன தந்தையைக் கடல் கொண்டுபோய்விட்டதாம். பசியில் இறுகிய சிறு கையாம் அது. முகம் தெரியாத மனிதர்கள் ஆண்டுதோறும் அப்பாவின் ஆத்துமாவுக்காக ஜெபித்திருப்பார்கள். அப்பாவோ ஆண்டுதோறும் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டும் அதே படம், அதே வரிகள். உறைகளில் முகவரி அடித்து ஒட்டுவது என் வேலை. ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் சேர்த்தேன். ‘படத்தில் இருப்பவள் நான். என் கைக்குள் இருப்பது அம்மாவின் தாலி. அப்பா உயிரோடு இருக்கிறார்.’ கீழே என் பெயரை முழுதாக எழுதினேன்.

அப்பா இன்று விடியுமுன் கடலுக்குப் போனவர். இதை எழுதும்வரை வள்ளம் திரும்பவில்லை.

மத்தியானம் சிரித்த செயலாளரிடம் அச்சுத்தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வலக்கையால்தான் கொடுத்தேன்.

“நம்புவாங்கய்யா” என்றேன். “காலையிலேயே எல்லாருக்கும் எழுதித் தபால்ல போட்டாச்சு.”