வேடியப்பன் எதிரில் கோர்ட்

அருணகிரி பெஞ்சு கிளார்க். யாரிடம் பேசினாலும் வழக்குக் கட்டைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டவர். ஜவ்வாது மலைக்காரர்கள் மேல் போட்ட காட்டு வழக்குகள் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரி கொள்ளாமல் கிடந்தன. ஆடு மேய்த்தது, விறகு வெட்டியது. வாய்தாவுக்கு மலையிறங்கி வருகிறவர்கள் வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி "நான் செய்யலீங்க" என்பார்கள். சாட்சி சொல்ல வனக்காவலர் வரமாட்டார். மறு வாய்தா.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருடம் புதிதாக வந்த மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு யோசனை. மாதம் ஒருமுறை கோர்ட்டே மலைக்குப் போனால் என்ன?

"நடக்குமான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று அருணகிரியை அனுப்பினார்.

மலைப் பள்ளிக்கூடம் தோதாகத்தான் இருந்தது. மேசை, பெஞ்சு, ஒரே ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு நேர் எதிரே புளியமரத்தடியில் மலைக்காரர்கள் கும்பிடும் வேடியப்பன் சாமியின் கல் மஞ்சள் பூசி நின்றது.

சாமைக் கொல்லையிலிருந்து பச்சையம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள். கூரைக்கு மரம் வெட்டியதாக அவள் மேலும் வழக்கு இருந்தது.

"இன்னாய்யா, கோர்ட்ட இங்கியே தூக்கினு வர்றீங்களாமே?"

"உனக்கு நல்லதுதானே? நடை மிச்சம்."

"நடந்தா காலுதான் நோவும். அது கீழயே இருக்கட்டும்யா." கல்லைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கீழ வந்து வெட்டலன்னு சொல்லிட்டுப் போய்ட்றேன். அங்க பேசறது இவுருக்குக் கேக்காது. இவுரு எதுர்ல எப்டி பொய் சொல்றது? வூட்ல பொணம் வுழும்."

"அப்போ நெஜத்தச் சொல்லு."

"சொல்லிட்டு நான் ஜெயிலுக்குப் போனா கொல்லைய யாரு அறுப்பாங்க? நீங்களா?"

அருணகிரி சிரித்துவிட்டார். பஸ் மலையிறங்கும்போதுதான் உறைத்தது. யோசனை பலிக்கும். அந்தக் கல் இருப்பதால் பலிக்கும்.

"நடக்குமா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"நடக்குங்க சார்."

"சிக்கல் ஏதாவது?"

அருணகிரி அலமாரியைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க."

முதல் அமர்வுக்கு வக்கீல்கள் யாரும் மலையேறவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்களா என்று எல்லோரையும் மறுபடி கேட்கச் சொன்னார் மாஜிஸ்திரேட். கேட்பது அருணகிரியின் வேலை. மரம் வெட்டினாயா என்று கேட்டபோது பச்சையம்மா அவரைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஆமாங்க."

ஒரு மாதச் சிறை. மதியத்துக்குள் வழக்குக் கட்டில் பாதி தீர்ந்துவிட்டது. அருணகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார் மாஜிஸ்திரேட். வேலூர் ஜெயில் வேனில் ஏறும்போது பச்சையம்மா அருணகிரியிடம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"இப்போ யாருய்யா அறுப்பாங்க?"

அடுத்த மாதம் போனபோது அவள் கொல்லையில் சாமை தரையில் உதிர்ந்து கிடந்தது. மழையில் சில மணிகள் முளைவிட்டிருந்தன. அருணகிரி அதைத் தாண்டி வேகமாக நடந்தார். யாரும் வருவதற்கு முன் பள்ளிக்கூட ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

முதல் ஆளாக வீரன் வந்து நின்றான். ஆடு மேய்த்த வழக்கு. சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தான். பிறகு அருணகிரியைப் பார்த்தான். வக்கீல் சொல்லிக் கொடுத்ததைச் சொல்ல வாயெடுத்தான்.

"இருட்டா இருக்கே" என்றார் மாஜிஸ்திரேட், வழக்குக் கட்டைக் கண்ணருகே பிடித்தபடி. "ஜன்னலைத் திறங்க, அருணகிரி."

அருணகிரி எழுந்து போய்த் திறந்தார்.