வெள்ளைக் காய் மாப்பிள்ளைக்கே

என் வீட்டுக்காரர் சதுரங்கத்தில் தோற்றால் அவருக்குச் சோறு இறங்காது. இது தெரியாமல்தான் கல்யாணம் செய்துகொண்டு காஜா பேராங்குக்கு வந்து சேர்ந்தேன். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் அது. அவருக்கு ஆபீஸ் வேலை, ஞாயிறு மட்டும்தான் லீவு. அந்த ஞாயிறும் எங்களுக்கு இல்லை. பத்து பெரெண்டாமிலிருந்து அவருடைய அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் காலையிலேயே பஸ் ஏறி வந்துவிடுவார்கள். அக்கா வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷர்தான். ஆனால் சமையல் முடிகிறவரை அவருக்குப் பலகையும் காயும் வேண்டும், எதிரே தோற்பதற்கு ஓர் ஆளும் வேண்டும்.

வீட்டு மாப்பிள்ளை என்ற மரியாதையில் வெள்ளைக் காய் எப்போதும் அண்ணனுக்குத்தான். வெள்ளை வைத்திருப்பவர்தான் முதலில் நகர்த்துவார். அண்ணன் ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயைத் தள்ளுவார். என் வீட்டுக்காரரும் அதற்கு நேரே ஒன்றைத் தள்ளுவார். உடனே அண்ணன் தன் ராணியைத் தூக்கிப் பலகையின் ஓரத்தில் கொண்டுவந்து வைப்பார். மற்ற காய்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும், ராணி மட்டும் இந்தப் பக்கம் வந்து கண்ணை உருட்டும்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ராணியை விரட்ட வேண்டுமென்று பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார். நடுவில் நிற்கிற தன் சிப்பாய்க்குக் காவல் இல்லை என்பது கண்ணிலேயே படாது. ராணி அதைத் தின்றுவிட்டு ராஜாவுக்குச் செக் வைக்கும், அடுத்து மூலையில் இருக்கிற யானையையும் தின்னும். அதோடு சரி. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். “பசிக்கல, நீங்க சாப்பிடுங்க” என்று குரல் மட்டும் வரும்.

எனக்கு வயிறு எரியும். கோழிக்கறி வீணாவது இருக்கட்டும். உஜோங் பாசிர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கல்யாணமான வாரமே சொன்னவர் அவர். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு சாயங்காலம்தான். அதை அண்ணனுடைய ராணி வாரா வாரம் வந்து தின்றுவிட்டுப் போனது.

ஆட்டம் எனக்கும் தெரியும், என் தம்பிகளோடு ஆடியிருக்கிறேன். இவர் வேலைக்குப் போனதும் பலகையை விரித்து இரண்டு பக்கமும் நானே ஆடிப் பார்த்தேன். சோறு வேகுமுன் விருந்தாளி வந்துவிட்டால் வாசலில் நின்றா சண்டை போடுவோம்? முதலில் அடுப்பைக் கவனிப்போம். அதேதான் இங்கேயும். மிரட்டப்பட்ட சிப்பாய்க்குக் காவல் போட வேண்டும், அதுவும் ஒரு குதிரையை வெளியே கொண்டுவந்து போட வேண்டும். விரட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு ஞாயிறு, கண்டிப்பாகக் கடற்கரைக்குப் போகிறோம் என்று இவர் சத்தியம் செய்திருந்தார். நான் சீலையைக்கூட இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். வழக்கம்போலத் தோற்றார், போய்ப் படுத்துவிட்டார். “என்ன தங்கச்சி, ஆடறதுக்கு வேற ஆள் இல்லையா?” என்று அண்ணன் சிரித்தார். எனக்கு வந்ததே ஆத்திரம், கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

ராணி ஓரத்துக்கு வந்தது. நான் குதிரையை எடுத்து நடுச்சிப்பாய்க்குக் காவல் வைத்தேன். அண்ணன் மந்திரியைக் கொண்டுவந்தார். இப்போது ராணியும் மந்திரியும் சேர்ந்து என் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறி வைத்தன. அப்போதுதான் இவர் தள்ளுகிற அதே சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன். நடுவில் காவல் இருந்ததால் ராணிக்குத் தின்ன எதுவும் கிடைக்கவில்லை. பின்வாங்கி, வேறு பக்கத்திலிருந்து அதே குறியைப் பார்த்தது. இரண்டாவது குதிரையை இறக்கி வழியை அடைத்தேன். அந்தக் குதிரையைத் துரத்த அண்ணன் ஒரு சிப்பாயை ஏவினார். நான் அதைக் கண்டுகொள்ளாமல் முதல் குதிரையை ராணி மேல் பாய்ச்சினேன். அவர் ராணியைக் காப்பாற்றினார், ராஜாவை மறந்தார். குதிரை செக் வைத்தது, அடுத்து அவருடைய மூலை யானையைத் தின்றது.

அண்ணன் தோற்றதை ஒப்புக்கொண்டார். தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, “யாரும்மா சொல்லிக் குடுத்தா?” என்றார்.

நிமிர்ந்தால் அறை வாசலில் என் வீட்டுக்காரர். எப்போது எழுந்து வந்தாரோ. அவர் தோற்ற இடத்தில் பொண்டாட்டி ஜெயித்தால் எந்த ஆம்பளை தாங்குவான்? இனி ஞாயிறு மட்டுமல்ல, திங்கள்கிழமையும் போச்சு என்று நினைத்துக்கொண்டே, “இவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க” என்றேன்.

“நான் எங்க சொல்லிக் குடுத்தேன் அத்தான்? நான் தோத்துத் தோத்துக் காமிச்சேன், அவ பார்த்துக்கிட்டா” என்றார் இவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து உஜோங் பாசிர் போனேன். கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார், மணலில் கட்டம் கிழித்து அந்தக் குதிரை எப்படிப் பாய்ந்தது என்று மறுபடி மறுபடி கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிறும் அவர் தோற்றார். அண்ணன் வேறு ஏதோ வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். மறுபடி போய்ப் படுத்துவிடுவாரோ என்று நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இவர் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

“கறியை நல்லா போடு. வெயில் தாழக் கிளம்பணும்” என்றார்.