மாமா மிச்சம் பிடித்த சூடு

வெண்ணந்தூரில் என் தாய்மாமா சோப்பு டப்பா வார்க்கும் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் வீட்டையொட்டி ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ராப்பகலாக ஓடும் ஒரே ஒரு மோல்டிங் மெஷின், அவ்வளவுதான். பிளாஸ்டிக் மணிகளை உருக்குகிற நீள இரும்புக் குழாயைப் பேரல் என்பார்கள். அதைச் சூடேற்றியே கரண்டு பில் எகிறிவிடும். பில் வந்த அன்றைக்கு மாமா முகத்தைப் பார்க்கச் சகிக்காது. வீட்டில் எரிகிற பல்பையெல்லாம் அணைத்துக்கொண்டே போவார்.

அப்படி அணைந்ததுதான் அத்தையின் கோழிக்குஞ்சுப் பெட்டியில் எரிந்த பல்பும். நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்து அத்தை கொண்டுவந்த குஞ்சுகள் அவை. வளர்த்துப் பண்ணையே போட்டுவிடுவதென்று இருந்தார். "அது உங்க கம்பெனி, இது என்ற கம்பெனிங்க" என்பார். சூடு இல்லாவிட்டால் குஞ்சு பிழைக்காதே என்று அவர் தவித்தபோது, "பேரலுக்கு அடியில வெச்சுக்க. சும்மா போற சூடுதானே" என்றார் மாமா. பெட்டி மெஷினடிக்குப் போனது. குஞ்சுகளும் தேறிவிட்டன.

மார்கழியில் மாமாவுக்கு இன்னொரு யோசனை உதித்தது. லாரிப் பட்டறையில் சைலன்சருக்குச் சுற்றுகிற ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை வாங்கிவந்து பேரலை இறுக்கிச் சுற்றினார், மேலே தகரமும் போட்டு மூடினார். "சூடு வெளிய போனாத்தானே கரண்டு இழுக்கும்? தொடு சாமி, பயப்படாத" என்றார். தொட்டேன். சுடவே இல்லை! மாமா மூளையே மூளை என்று கைதட்டிக் குதித்தேன். அத்தையும் சிரித்தார்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்த அத்தை மூடியைக் கையில் பிடித்தபடியே குனிந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். ஐயோ! அத்தனை குஞ்சும் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறைத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து ஊதினேன், கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. மெஷின் தன் சூட்டைத் தானே வைத்துக்கொள்ள, அவை ராத்திரியெல்லாம் குளிரில் கிடந்திருக்கின்றன. முந்தின நாள் சிரித்துக் கைதட்டிய எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே!

மாமா ஓடிவந்து பார்த்தார். தகரத்தைத் தள்ளிவிட்டு, கை சுடச்சுடக் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார்.

அத்தை அவர் கையைப் பிடித்தார். "உடுங்க. இனி சூடு வெளிய வந்து ஆருக்கு வேணும்?"

பிரிந்த கயிற்றைத் துணியால் பிடித்து அத்தையே மறுபடி சுற்றிவிட்டார். அத்தைக்குக் கோபம் போய்விட்டது என்று நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.