கதவைத் திறந்த பிள்ளை

சுங்கைப் பட்டாணியில் நானும் அக்காவும் சேர்ந்து ஒரு நாவல் எழுதினோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பட்டணத்திலேயே வளர்ந்தவர். நான் மெர்போக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, இப்போது தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கையுறைகளில் ஓட்டை தேடுகிறவள். ஞாயிறு காலையில் தெருவோர ஒட்டுக்கடையில் தேநீரோடு உட்கார்ந்து எழுதியதைப் பேசுவோம். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் எங்களை இரட்டையர் என்று கிண்டல் செய்வார்கள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்தியால் எழுத முடியாததை மற்றவள் எழுதித் தர வேண்டும். எழுதியதை வேறு யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால் கதைக்குச் சொந்தக்காரிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வேறு சட்டம் எதுவும் நாங்கள் போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவின் மகன் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அந்த அத்தியாயத்தை நான்தான் எழுதினேன். நாலு மாதம் பிடித்தது. போர்வை என்ன நிறம், கடைசியாக என்ன கேட்டான் என்று போன் போட்டுக் கேட்பேன். அவர் சொல்வார், பிறகு இரண்டு பேரும் அழுதுகொண்டே போனை வைத்துவிடுவோம். வேலைக்குப் போகுமுன் முகம் கழுவிக்கொண்டு போன நாட்கள் எத்தனையோ. வாசித்துக் காட்டிய அன்றைக்கு அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன்.

அடுத்தது என்னுடைய முறை. அம்மா இறந்த பிறகுதான் அதைச் சொல்லத் துணிந்தேன். எனக்கு எட்டு வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. அப்பா சம்சு குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டினார். அதற்கு முந்தைய வாரம்தான் அம்மாவின் கையை முறித்திருந்தார். அம்மா பின்கட்டில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். திற என்றும் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. “தாழ்ப்பாள எடும்மா” என்று அப்பா என்னைத்தான் கெஞ்சினார். தாழ்ப்பாள் எனக்கு எட்டும். கையைக்கூட வைத்தேன். எடுக்கவில்லை. தட்டுவது நின்றது. மழை விட்ட பிறகு செம்பனை மரங்களுக்குப் பக்கத்துக் கால்வாயிலிருந்து அப்பாவைப் பிணமாகத் தூக்கினார்கள்.

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அக்காவுக்கு வாட்சப்பில் ஐந்து குரல்பதிவுகளாகச் சொன்னேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னேன். அனுப்பிய பிறகு பல வருடத்துச் சளி ஒன்று நெஞ்சை விட்டு இறங்கிய மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள், வேலை இடைவேளையில் கைப்பேசியைப் பார்த்தால் வாசகர் வட்டத்தின் வாட்சப் குழுவில் அந்த அத்தியாயம் முழுசாகக் கிடக்கிறது. எனக்கு வாசித்துக் காட்டவில்லை. அதற்குள் பூக்கள், கும்பிடு கைகள். “அந்தப் பிள்ளை கதவைத் திறந்து அப்பாவைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில் அழுதுவிட்டேன்” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

எந்தப் பிள்ளை? எந்தக் கதவு?

படித்தேன். மலைச்சரிவில் பனிமூட்டம், பெண்கள் தேயிலைக் கூடை சுமக்கிறார்கள். மெர்போக்கில் தேயிலை! எட்டு வயதுப் பிள்ளை ஓடிப்போய்த் தாழ்ப்பாளை எடுக்கிறாள். அப்பா அவள் மடியில் தலைவைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறார். நான் எடுக்காத தாழ்ப்பாளை எடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒட்டுக்கடையில் அக்கா எனக்கு முன்னாலேயே வந்து, எனக்கும் சேர்த்துத் தே சொல்லி வைத்திருந்தார்.

“இது ஏஐ எழுதுனதாக்கா?”

“ஆமாம்மா. நீயுந்தானே ஒற்றுப்பிழை பாக்க அதத் தொறக்கிற? எனக்குக் கண்ணு வேற சரியில்ல லா.”

“தேயிலை எங்கேருந்துக்கா வந்துச்சு?”

“அத மாத்திடலாம் லா, பெரிய விஷயமா அது?”

“நான் கதவத் தொறக்கல. சொன்னேனே.”

அக்கா விழித்தார். நிஜமாகவே விழித்தார். “அப்படியா சொன்ன? தொறந்துட்டேன்னுல்ல போட்டிருக்கு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. “நான் அனுப்புன குரலக் கேட்டீங்களாக்கா?”

கரண்டியால் தேயைக் கலக்கிக்கொண்டே இருந்தார். “அஞ்சு இருந்துச்சேம்மா. மக வீட்டுப் பேரப்புள்ள எல்லாத்தையும் அப்படியே அதுல ஏத்திக் குடுத்தான். அதுவே கேட்டு அதுவே எழுதிருச்சு. ஒன்ன எவ்வளவு நல்லவளா காட்டியிருக்கு பாரு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேசையையே கவிழ்த்திருப்பேன். எந்திரத்தின் மேல் எனக்கென்ன கோபம்? அது ஊரில் உள்ள கதைகளையெல்லாம் தின்றுவிட்டு, எல்லோருக்கும் பிடித்த முடிவைத் துப்புகிறது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வாய்விட்டுச் சொன்னதை ஒரு மனுஷிகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லையே.

“இப்பக் கேக்கட்டுமா?” என்று அக்கா கைப்பேசியை எடுத்தார்.

“வேணாம்க்கா. அழிச்சிடுங்க.”

என் கண்முன்னாலேயே அழித்தார். கேட்டதைச் செய்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. “அப்ப தேயிலைய மட்டும் ரப்பர் பால்மரமா மாத்திடவா?” என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இந்த அத்தியாயம் வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குத் தாழ்ப்பாளில் கைவைத்து நின்ற மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

புத்தகம் வந்துவிட்டது. வெளியீட்டில் இது என் கதை என்று சொல்லி அந்தப் பக்கத்தைத்தான் மேடையில் வாசித்தார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்க அவ்வளவு சின்ன வயசுலயே தாத்தாவுக்குக் கதவத் தொறந்தீங்களாம்மா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றேன்.